கேற்றடியில் நின்ற பரோலோப் பெரியவர்

நிந்தவூர்,
நோன்பு பதினொன்று,
12.03.2025

அருமை மகன் றிபாதுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்புக்கும் ஈமானுக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். உம்மாவும் தங்கச்சி நஸ்லாவும் பிள்ளைகளும் சுகம். என் சுகத்தை மட்டும் கேட்காதே.

வட்சப் இருக்கும் காலத்தில் இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். மூன்று தரம் வொயிஸ் பேசினேன். மூன்று தரமும் அழித்துவிட்டேன். என் குரலைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது. உம்மாதான் நஸ்லாவின் மகளின் கொப்பியைக் கிழித்துத் தந்து, இதை எழுதி முடிக்கும்வரைக்கும் தன்னோடு கதைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். கல்முனைக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போடப்போகிறேன். நம்ம தபாற்கந்தோரில் கொடுத்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

வெள்ளாமை வெட்டியாயிற்று. கடைசி நேரத்து மழையில் மேட்டு வட்டை வயல் தப்பியது, பள்ளத்து வட்டை சாய்ந்துபோனது. மெசின்காரன் சாய்ந்த பயிருக்குள் இறங்கமாட்டேன் என்று இரண்டு நாள் சண்டித்தனம் பண்ணினான். நானும் சும்மா விடவில்லை, நல்லா ஏசினேன். பிறகு இறங்கி வெட்டித் தந்தான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி எழுதினால் நெல்லையும் மழையையும் எழுதியே தாள் முடிந்துவிடும்.

போன கிழமை நீ போன் எடுத்தாய். உன் இத்தாலி முதலாளி பியேத்ரோப் பெரியவரும் அவர் பெஞ்சாதி லூசியாவும் இலங்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார்கள் என்றாய். நான் அவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போய் இருத்தினேனாம். உம்மா சோறும் மாட்டிறைச்சிக் கறியும் வட்டலப்பமும் வைத்தாளாம். பள்ளிவாசல் ஆட்களுக்கு முன்னால், என் மகனைப் பத்து வருசம் வைத்துப் பார்த்தவர் இவர்தான் என்று சொல்லிப் பெரியவரைக் கட்டிப்பிடித்தேனாம். பெரியவர் சொன்னார் என்று சொல்லிச் சொல்லி நீ அழுதாய். லூசியா கொண்டுவந்த முந்திரிகைப்பழப் பாணி எப்படி என்று கேட்டாய். ஓம், நல்ல இனிப்பு என்றேன்.

மகன், அதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. அந்த வயசாளி உனக்காகப் பொய் சொன்னார். நான் எனக்காகப் பொய் சொன்னேன்.

நடந்தது இதுதான். மாசி மாதம், நோன்புக்கு ஒரு கிழமை இருக்க, நோன்புக் கஞ்சிக்கு அரிசி சேர்க்கிற விசயம் கதைக்க பள்ளிவாசல் தலைவர் உதுமாங்கண்டு ஹாஜியாரும் இன்னும் மூன்று பேரும் நம்ம வளவுக்கு வந்திருந்தார்கள். என்னைப் பள்ளிவாசல் நிருவாகத்தில் நம்பிக்கையாளராகப் போட்டு அப்போதுதான் இரண்டு மாதம். வெள்ளைச் சாறனும் தொப்பியுமாகப் பெரிய மனிசனாகக் கதிரையில் சாய்ந்திருந்தேன். கேற்றடியில் ஒரு வேன் வந்து நின்றது. காரைதீவு சசிகரன்தான் அதை ஓட்டி வந்தான். அதற்குள் இருந்து அவர்கள் இறங்கினார்கள். அறுகம்குடாவுக்குப் போகிற வழியில், நமக்குச் சொல்லாமல் வந்து சந்தோசப்படுத்த நினைத்திருக்கிறார்கள், பாவங்கள்.

பெரியவர் நெஞ்சில் கைவைத்து, நீ பழக்கிக் கொடுத்தபடி ஸலாம் சொன்னார். பிறகு, றிபாத் வாப்பா, றிபாத் வாப்பா என்று என்னைக் காட்டிச் சிரித்தார். லூசியா துணி கட்டிய போத்தல் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினா. உள்ளே கறுத்த சிவப்பாக ஏதோ இருந்தது. மேலே ஒட்டியிருந்தது அவர்கள் செய்யிற பரோலோ வைன் போத்தலின் லேபல்தான். நீ அனுப்பிய படங்களில் நான் எத்தனை தரம் பார்த்த லேபல் அது. அது என்னது மீராசா என்று ஹாஜியார் என்னைக் கேட்டார்.

கதிரையை விட்டு எழும்பி, சாராயக்காரன்ட சாமான் என்ட வாசலுக்கு வரப்படாது என்று கத்தினேன். சசிகரன் பதறிப்போய், இவர்கள் றிபாதின் முதலாளிமார் என்றான். எனக்கு அப்படி ஒரு மகன் இல்லை, வீடு மாறி வந்திட்டாங்க, கூட்டிட்டுப் போ என்றேன்.

பெரியவர் கையிலிருந்த போனில் படம் ஒன்று திறந்திருந்தது. போன முறை நீ வந்தபோது வட்டைக்குள் நீயும் நானும் தோளில் கைபோட்டு நிற்கிற படம். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உன் நெற்றியும் மூக்கும் என் முகத்தில் இருக்கிறதே, குருடனுக்கும் தெரியும். அவர் போனை மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, மன்னிக்கச் சொல்லித் தலையைக் குனிந்து, பெஞ்சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு கிறுகித் திரும்பிப் போனார். உச்சி வெயில், மகன். ஒரு மிடறு தண்ணி கொடுக்கவில்லை. கறிக்கு வருகிற பூனைக்குக்கூட நம்ம வீட்டில் முள்ளு வைப்போம்.

எனக்குத் தெரியாமல் நீ இந்த வேலை செய்திருந்தாலாவது, கோபத்தில் சொன்னேன் என்று ஒரு சாட்டு இருக்கும். எனக்குத் தெரியாதா? நீ அங்கே போன முதலாம் வருசமே சொன்னாய். வாப்பா, இது சும்மா முந்திரிகைப் பழத்தோட்டம் இல்லை, இவங்க வைன் செய்யிறாங்க, விட்டுப்போட்டு மிலானில கோப்பை கழுவப் போகவா என்று கேட்டாய். அப்போது உனக்குப் பத்தொன்பது வயசு. நஸ்லாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். சீதன வீடு இல்லாமல் இந்தக் கரையில் எந்தப் பொம்பிளைப் பிள்ளைக்குக் கலியாணம் நடந்தது? சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றது. கூரை போடும்வரைக்கும் பொறு, ஊரில் யாரும் கேட்டால் ஒலிவ் தோட்டம் என்று சொல்லு என்றது நான்தான். கூரை போட்டு ஒன்பது வருசம். இனி விடு மகன் என்று ஒருநாளாவது உனக்குச் சொன்னேனா?

மதுவோடு சம்பந்தப்பட்ட பத்துப் பேருக்குச் சாபம் என்று ஜும்ஆவில் மௌலவி ஓதும்போது, பிழிகிறவன், சுமக்கிறவன், விற்கிறவன் என்று ஒவ்வொருவராக வரும். நான் முன் வரிசைச் சப்பில் குனிந்துகொண்டு இருப்பேன். உன் பேரைத்தான் இத்தனை நாளும் அதற்குள் தேடினேன். அங்கேயே நில்லு என்று சொன்ன என் பேரைத் தேடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வேலையைப் பற்றிக் கேட்க எனக்கு ஆசை. வெள்ளாமைக்காரன் புத்தி விடுமா? வட்டைக்குள் நின்று யாரும் இல்லாத நேரம் பார்த்து உனக்குப் போன் எடுப்பது அதற்குத்தான். ஐப்பசியில் மலையெல்லாம் பனிமூட்டம் இறங்கும்போது, கடைசியாகத்தான் அந்தப் பழத்தை ஆய்வார்கள் என்றாய். நெபியோலோ என்று அதன் பேர்கூட எனக்குப் பாடம். பெரியவரின் பாட்டன் நட்ட சரிவில் இன்னும் அதே இனம்தான் நிற்கிறது, ஆலங்கட்டி மழை அடித்தால் வருசமே போச்சு என்றாய். புதிதில் அந்த வைன் பாக்குப்போலத் துவர்க்குமாம். மூன்று வருசத்துக்கு மேல் பெரிய பெரிய மரப்பீப்பாயிலும் போத்தலிலும் கிடந்த பிறகுதான் விற்கலாமாம். நல்ல வருசத்தில் செய்தது முப்பது நாற்பது வருசம் கிடந்தாலும் பதப்பட்டுக்கொண்டே போகுமாம். நமக்கு அறுத்த நெல்லை ஒரு மாதம் வைத்திருக்கப் பொறுமை இல்லை. நீ ஒரு சொட்டும் வாயில் வைக்காமல் மூக்காலேயே பீப்பாய்க்குப் பீப்பாய் வித்தியாசம் சொல்லுவாய், பெரியவர் உன் மூக்கைக் கேட்டுத்தான் பீப்பாய் மாற்றுவார் என்றபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அந்தப் பெருமையைச் சொல்ல எனக்கு ஊரில் ஒரு ஆள் இல்லை. அதை ஹறாம் என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

அந்த ஊரில் பிள்ளை பிறந்தால் அந்த வருசத்து வைனில் ஒரு போத்தலை அந்தப் பிள்ளையின் பேருக்கு எடுத்து வைப்பார்கள் என்று சொன்னாய். நீ பிறந்த தொண்ணூற்றாறு அங்கே அருமையான வருசமாம். பெரியவர் அதில் ஒன்றில் உன் பேரை எழுதி, தன் பிள்ளைகளின் போத்தல்களோடு மூலையில் வைத்திருக்கிறார் என்றாய். றிபாத் குடிக்கமாட்டான், ஆனால் அவனும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்றாராம். வேறு சாதி, வேறு மார்க்கம், அந்த மனிசன் உன்னைப் பிள்ளை என்று எழுதி வைத்தார். பெற்ற நான் இல்லை என்றேன்.

மூன்று நாள் கழித்துச் சசிகரன் தனியாக வந்தான். வேனுக்குள் லூசியா ஒலுவில் ஊரைத் தாண்டும்வரைக்கும் அழுதாவாம். நாங்கள் இவர்கள் வழக்கத்துக்கு ஏதும் பிழை செய்துவிட்டோமா என்று பெரியவர் அவனிடம் கேட்டாராம். அந்தப் போத்தலில் இருந்தது வைன் இல்லை என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆய்ந்த அன்றைக்கே, பழச்சாறு புளிக்க முதல், பேரிக்காயும் கொட்டைப் பருப்பும் போட்டுப் பகல் முழுக்கக் காய்ச்சின பாணியாம். முஸ்லிம் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று புதுச் சட்டி வாங்கி, நீயே நின்று கிண்டிக் கொடுத்தாயாம். லேபல் மட்டும்தான் அவர்கள் தோட்டத்து லேபலாம். என்ன இது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரார் என்ன நினைப்பார்கள் என்று பார்த்தேனே தவிர அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இதை றிபாதிடம் சொல்லாதே, பயந்த மனிசன் அப்படித்தான் கதைப்பான் என்று பெரியவர் சசிகரனிடம் சத்தியம் வாங்கினாராம். அவன் உன்னிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை.

நீ போனில் கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் கொல்லுகிறது. இத்தனை வருசம் வாப்பாவுக்கு வெக்கமாக இருக்கும் என்று பயந்திருந்தேன், இப்போ வாப்பாவே ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டார், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து பள்ளிவாசலில் தலை நிமிர்ந்து நிற்பேன் என்றாய். என் பொய்யை நம்பிக்கொண்டு நீ அத்தனை தூரம் பறந்து வரப்போகிறாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கலாமா?

முந்தாநாள் தராவீஹ் தொழுகை முடிய உதுமாங்கண்டு ஹாஜியாரைப் பிடித்து, றிபாத் என் மகன்தான், வைன் வேலைதான், எனக்கு முதலே தெரியும், அங்கேயே நில்லு என்று சொன்னதும் நான்தான் என்றேன். பதவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உன் மகன் எங்கே வேலை என்று ஊரில் தெரியாத ஆள் யார் மீராசா, சட்டம் சட்டம்தான், அதை அவன் அல்லாஹ்வோடு பேசிக்கொள்ளட்டும், ஆனால் வாசலுக்கு வந்த முசாபிரை, பிரயாணத்தில் வந்தவர்களை, தண்ணி கொடுக்காமல் துரத்தினாயே, அன்றையிலிருந்து எங்களுக்குத்தான் உன் முகத்தைப் பார்க்க வெக்கமாக இருக்குது என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். பதவி போகட்டும்.

நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு, தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைக்கிறேன். நம்ம வீட்டில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை, உம்மாவுக்கு மட்டும் தெரியும்.

பெரியவரிடம் இந்தக் கடிதத்தை அவர் பாசையில் வாசித்துக் காட்டு. எதையும் குறைக்காதே. வாப்பா அவர் காலடியில் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்லு. லூசியா அம்மாவிடமும் சொல்லு. அவர்களின் மலையில் ஆலங்கட்டி விழாமல் இருக்கவேண்டும் என்று கேட்டுத்தான் இந்த நோன்பில் துஆ முடிக்கிறேன். அப்படிக் கேட்கலாமா கூடாதா என்று எந்த மௌலவியிடமும் கேட்கப்போவதில்லை.

இதை வாசித்த பிறகு பெருநாளுக்கு வருவதும் வராததும் உன் விருப்பம். வரவில்லை என்றால் உன்னில் பிழை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தரம் போன் எடு, மகன். ஏசு. எவ்வளவு வேணுமென்றாலும் ஏசு. வாப்பா என்று கூப்பிட்டு ஏசு.

உன்னை இல்லை என்று சொன்ன
உன் வாப்பா,
ஆதம்லெவ்வை மீராசா