வாசலில் ஈரச் செருப்பு

ஜூலை 3, புதன்

அடுத்த வியாழன் தலைமையாசிரியை என் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்தப் பருவத்தோடு சரி. எட்டாம் வகுப்புக்கு ஒரு குட்டிக் கவிதை. அணியும் உணர்வும் நடத்த வேண்டும்.

மழை விட்டாயிற்று.
போக மனமின்றிக்
கூரை விளிம்பில் தொங்குகிறது கடைசித் துளி.
வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு,
ஈரமாய்.

படித்ததும் ஏனோ சந்தோஷமாக இருந்தது. உரைநூலில் 'பிரிவுத் துயர்' என்று போட்டிருக்கிறது. சரி, அவர்களுக்குத் தெரியாததா.

ஜூலை 7, ஞாயிறு

அம்மாவையும் தம்பியையும் உட்கார வைத்து ஒத்திகை. துளி சொட்டுவது இயற்கை; போக மனமில்லாமல் தொங்குகிறது என்று கவிஞர் தன் எண்ணத்தை அதன்மேல் ஏற்றுகிறார், அதனால் தற்குறிப்பேற்ற அணி என்று விளக்கிவிட்டுத் திரும்பினால் அம்மா தூங்கிவிட்டாள். கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்றான் தம்பி. கடைசி பெஞ்ச் என்பது கட்டில்.

ஆனாலும் தைக்க வேண்டிய துணியைத் தள்ளி வைத்துவிட்டு அம்மா மறுபடி உட்கார்ந்தாள். "இந்த வாட்டி தூங்க மாட்டேன், சொல்லுடி."

லாரியோடு போன அப்பா இன்னும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஜூலை 10, புதன்

உரைநூலை நான்காம் முறை படித்தேன். 'பிரிவுத் துயர்' மனப்பாடம்.

ஜூலை 11, வியாழன்

சொதப்பினேன். அவசரத்தில், கவிதையை வாசிப்பதற்கு முன்பே பலகையில் 'உணர்வு: பிரிவுத் துயர்' என்று எழுதிவிட்டேன். விடையை முதலில் எழுதிக்கொண்டு கேள்விக்குப் போவது — நான் பரீட்சைக்குப் படித்த விதம் அப்படி.

வாசித்து முடித்ததும் ஜன்னலோரப் பெண், "யாரு பிரிஞ்சா டீச்சர்?" என்றாள். கிண்டலில்லை. நிஜமாகவே தேடுகிறாள்.

அப்பா வந்துவிட்டாரா என்று பள்ளியிலிருந்து ஓடி வந்து வாசலில் செருப்பைத் தேடிய மழை நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. இது சந்தோஷம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரிந்துதானே இருந்தது? ஏன் வாயைத் திறக்கவில்லை?

பலகையை அழித்தேன். என் அப்பா லாரி ஓட்டுகிறார் என்று ஆரம்பித்தேன். குரல் கடைசி பெஞ்ச் வரை போனது.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது, எந்தச் சொல்லால் தோன்றுகிறது என்று கேட்டேன். செருப்பு ஈரமென்றால் இப்போதுதான் வந்திருக்கிறார்கள், ஆகவே நிம்மதி என்றாள் ஒருத்தி. 'போக மனமின்றி' இருக்கிறதே, வந்தவர் திரும்பக் கிளம்பிவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது என்றாள் ஜன்னலோரப் பெண். அதை நான் யோசித்ததே இல்லை. அணி அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அதற்குள்தான் அந்தப் பயம் இருந்திருக்கிறது.

மணி அடித்ததும் தலைமையாசிரியை நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

ஜூலை 12, வெள்ளி

முடிவு இன்னும் தெரியவில்லை. அம்மா 'என்ன ஆச்சு' என்று கேட்கவில்லை, அதுவே பெரிய உபகாரம்.

ஜூலை 16, செவ்வாய்

மாலை தலைமையாசிரியை கூப்பிட்டார். "எழுதினதை அழிச்சீங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் வகுப்பே ஆரம்பிச்சுது. இனிமே இங்க நீங்கதாம்மா." நிரந்தரம். நன்றி சொன்னேன், கடைசி பெஞ்சுக்கே கேட்கும்படி. சிரித்தார்.

வழியெல்லாம் மழை. தெருமுனையிலேயே தெரிந்தது — வாசலில் பெரிய செருப்பு, குதிகால் தேய்ந்தது, நனைந்து.

என்னுடையதை அதன் பக்கத்தில் கழற்றினேன்.