மேற்கு வெயிலில் நின்ற காந்தள்

இன்று மாலை மேடைக்குப் புறப்படும் முன் மேற்குச் சாளரத்தைத் திறந்தேன். கண்ணாடியில் நீ ஒட்டிவிட்டுப் போன வாழ்த்து அட்டை வெயிலில் தழலாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் நீ பதித்த செங்காந்தளின் ஓர் இதழும் வெளிறவில்லை, தோழி. வெயில் தோற்றுக்கொண்டே இருக்கிறது. நீ வென்றுகொண்டே இருக்கிறாய்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. உன் அண்ணனின் சாயப்பட்டறை முன்னறையில் அமர்ந்து இரப்பர்த் துண்டுகளில் பூக்களைச் செதுக்குவாய். பின்னலாடையை மடிக்கும்போது உள்ளே வைக்கும் அட்டைதான் உனக்குத் தாள். அதில் முத்திரை பதித்து வாழ்த்து அட்டை ஆக்கினாய். கடைவீதியில் எழுதுபொருள் விற்ற தென்னாட்டுக்காரர், சித்திரை முடியும்வரை தம் மேற்குப் பார்த்த கண்ணாடிப் பேழையில் அவை தொங்கட்டும் என்றார். "நெறம் நிக்கட்டும்க்கா, அப்புறம் பேசுவோம்." உன் அண்ணனோ, அட்டை வெளுத்தால் முன்னறையை ஒழித்துத் தர வேண்டும், துணி மூட்டைகளுக்கு இடம் போதவில்லை என்றுவிட்டார்.

கோவையிலிருந்து இருவகை மைப்பெட்டிகள் வாங்கி வந்தாய். சாய மை பதித்தவுடன் தாளுக்குள் இறங்கி உலரும், பளிச்சிடும். பிக்மென்ட் எனும் நிறமி மை தாளின்மேல் படிந்து ஆற அமர உலரும். சற்றே மங்கித் தெரியும். எதை எடுப்பது? நம் ஊரில் எவரைக் கேட்டாலும் விடை ஒன்றுதான். சாயமேற்றிய துணி துவைக்கத் துவைக்க நிற்கும். நிறமியால் அச்சிட்டது துவைப்பில் உரியும். சாயத்தால் சோறுண்ட ஊர் வேறென்ன சொல்லும்?

"பிக்மென்ட்டுங்கறது சுண்ணாம்பு பூசறாப்புல கண்ணு. சாயந்தான் உள்ள போயி உக்காரும்" என்றார் அண்ணன். நானும் அவர் அணியில் சேர்ந்தேன். வழக்காடுவதென்றால் எனக்குப் பசி மறந்துபோகும். சாயத்தின் சார்பில் நான் முழங்கிய முழக்கத்தைக் கேட்கப் பட்டறை ஆட்களே வாசலில் கூடிவிட்டார்கள். முடித்ததும் அண்ணன் கைதட்டினார். நீ முத்திரையைத் துடைத்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாய்:

"துணிக்குத் தண்ணி எதிரிங்கண்ணா. அட்டைய ஆருங்க தொவைக்கறாங்க? இதுக்கு வெயில்தானுங்க எதிரி."

பிறகு என் பக்கம் திரும்பினாய். "நல்லாத்தான் பேசுன அம்மிணி. தண்ணி குடிச்சுக்கோ."

நீ நிறமி மையையே எடுத்தாய். வெற்றி எளிதில் வரவில்லை. அட்டையின் வழவழப்பான முகத்தில் பதித்த நிறமி மை மறுநாளும் உலராமல் விரலில் ஒட்டியது. தம் வெள்ளைச் சட்டையில் படிந்த காந்தளைக் காட்டி, "துணீல நல்லாத்தான் புடிக்குது கண்ணு" என்று சிரித்தார் அண்ணன். நீ அட்டையைத் திருப்பி, அதன் சொரசொரப்பான முதுகில் பதித்தாய். அறையெங்கும் பரப்பி, எங்களை வாசலிலேயே நிறுத்தினாய். உலர்ந்தபின் விரலால் தேய்த்துப் பார்த்தாய். விரல் தூய்மையாக இருந்தது. அண்ணன் விடாமல் கேட்டதால், சாய மையில் பதித்த அட்டைகளும் பேழையில் பக்கத்திலேயே தொங்கின.

சித்திரை முடிந்ததும் மூவரும் கடைக்குப் போனோம். சாயக் காந்தள் என்ன பூவென்று கேட்கும் அளவுக்கு வெளுத்திருந்தது. அதன் அருகில் உன் காந்தள் நெருப்பாய் நின்றது! கடைக்காரர் முன்வரிசைப் பொருள்களை நகர்த்தி உன் அட்டைகளுக்கு இடம் ஒதுக்கினார். சாயத்திலேயே தலைநரைத்த அண்ணன் இரண்டையும் கழற்றி, வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்தார். பட்டறை வந்ததும் முன்னறைத் திறவுகோலை உன் கையில் வைத்தார்.

"வாசல்ல உம்பேரு போட்டு ஒரு பலகை மாட்டு கண்ணு. வெயிலடிக்கற பக்கமாவே மாட்டு."

நீ மறைந்த பின்னும் அந்தப் பலகையில் உன் பெயர் நிற்கிறது. நானோ மேடை மேடையாய் உன் கேள்வியைச் சுமந்து திரிகிறேன். பளிச்சிடும் சொல் நாவில் வந்து நின்றால், நாளைய வெயிலில் இது நிற்குமா என்று கேட்கிறேன். நில்லாதென்றால், எத்தனை கைதட்டல் அதற்குக் காத்திருந்தாலும் தள்ளிவிடுகிறேன்.

வண்டி வந்துவிட்டது. சாளரத்தை மூடவில்லை, வெயில் இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும். தண்ணீர் குடித்துவிட்டேன், அம்மிணி. பேசப் போகிறேன்.