கிழக்குச் சரிவில் ஒரு சிவப்புப் புள்ளி

அன்புள்ள துரை அண்ணா,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வாரம் முழுக்க, கண் விழித்ததும் லேப்டாப்பைத் திறந்து, காடு எங்காவது எரிகிறதா என்று ஆசையோடு தேடிக்கொண்டிருந்தேன். காட்டுத்தீயைத் தடுக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான்!

எல்லாம் உன்னால்தான். சில மாதம் மூத்தவன் என்பதற்காக உன்னை ‘அண்ணா’ என்று கூப்பிட வைத்தார்களே, அன்று பிடித்த பங்காளிக் காய்ச்சல் நீ போன பிறகும் இறங்கவில்லை. சாட்டிலைட் படம் பார்த்து, எந்தச் சரிவு தீப்பிடிக்கும் அளவுக்குக் காய்ந்திருக்கிறது என்று மேப் போடும் வேலைக்கு ஆர்.எஸ்.புரம் ஆபீஸில் ஒன்றாகத்தானே சேர்ந்தோம்? மேப்பில் நீ சிவப்படித்த மேற்குச் சரிவு அந்தக் கோடையிலேயே பற்றிக்கொண்டது. உன் பேச்சைக் கேட்டு முன்பே புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டியிருந்ததால் அடிவாரத்து ஊர் தப்பியது. அன்றிலிருந்து ரேஞ்சர் ஆபீஸ் சுவரில் உன் மேப். இப்போது அதற்கு மாலை வேறு. என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு நல்ல மாலை எடுக்கவில்லை.

இந்த வருடம் மேப் என் பொறுப்பு. கிழக்குச் சரிவில் புல் அடர்ந்து வளர்ந்து காய்ந்து கிடப்பது படத்தில் தெரிந்தது. சிவப்படித்து எடுத்துப்போனேன். ரேஞ்சர் மேடம் பார்த்தார்.

“ஏனுங்க, உங்கண்ணன் மேக்கால சரிவைத்தானுங்களே சொன்னாரு?”

“அது அப்பங்க. அவரு சுவத்துல தொங்குறாருங்க, நான் உசுரோட நிக்கறேனுங்க.”

“சரிங்க, பாக்கலாமுங்க” என்று என் மேப்பைச் சுருட்டி வைத்தார். சுருட்டிய விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் சொன்னால் என் பெண்டாட்டி சிரிக்கிறாள். “செத்தவருகூடப் போட்டி போடற ஆளை இங்கதானுங்க பாக்கறேன்.”

ரோஷத்தில் கம்ப்யூட்டரில் வெப்ப வரம்பைக் குறைத்து வைத்தேன், லேசான சூட்டையும் தீ என்று காட்டட்டும் என்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் காட்டியது. கிழக்குச் சரிவில் சிவப்புப் புள்ளி!

“ஜெயிச்சுப்போட்டேன்!” என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அடுத்த நொடிதான் உறைத்தது. தீக்காவலர்கள் எல்லாரும் உன் மேற்கில் அல்லவா நிற்கிறார்கள்? என் கிழக்குக்குக் கீழேயும் வீடுகள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் இருக்கிறது. உடனே ரேஞ்சருக்குப் போன் போட்டேன். அவர் திரும்பக் கூப்பிடும்வரை, “சாமி, அண்ணன் சொன்னதே சரியா இருக்கட்டும்” என்று வேண்டினேன். நீ ஜெயிக்க வேண்டும் என்று நான் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. உனக்குக் கேட்டதா?

போனில் சிரிப்புச் சத்தம்தான் முதலில் வந்தது. “தீயெல்லாம் இல்லீங்க. புதுத் தகரக் கொட்டாயிங்க. வெயிலு பட்டு மின்னுது. தகரத்துக்கும் தீக்கும் வித்தியாசம் தெரியலீங்களா உங்களுக்கு?”

நீயாக இருந்தால் வரம்பில் கை வைத்திருக்க மாட்டாய். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது எரிச்சல்.

பொறாமையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் என் மேப் சரி என்று காட்ட ஒரு புல்கூட எரிய வேண்டும் என்று இனி நினைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் சித்தப்பா மகன்,
செந்தில்

பி.கு.: அந்தக் கொட்டகை தீக்காவலர்கள் தங்குவதற்காம். என் மேப்பைப் பார்த்த மறுநாளே ரேஞ்சர் அவர்களைக் கிழக்குக்கு மாற்றிவிட்டாராம்.