ஆகஸ்டில் தெரிந்த நிழல்

பிப்ரவரி 3, 2026

நான்கு மாதம் முன்பே கண்டுபிடித்திருந்தால் என் தங்கை ராமுத்தாய் பிழைத்திருப்பாளா? வக்கீல் ஹாதியா கேட்டார். இருபது வருடமாகக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். மருத்துவம் அல்ல.

நாங்கள் போட்ட வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவமனை பதில் கொடுத்துவிட்டது. 2024 ஆகஸ்டில் எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததாம். டிசம்பரில்தான் புற்றுநோய் தெரிந்ததாம்.

"ஆகஸ்டுலயே டாக்டர் நோயைப் பார்த்தாருன்னு காட்டணும். விட்டதாலதான் முத்துச்சுன்னும் காட்டணும். அவர் எழுதின சீட்டு கிடைக்கவே இல்லையா?" என்றார் ஹாதியா.

தங்கையின் கணவர் சங்கிலிமுத்து தலையாட்டினார். "வீடு பூரா தேடிட்டேன். பட்டாசுக் கம்பெனி வேன்லயே போட்டுட்டாளோ என்னமோ."

நான் ஃபோனைப் பைக்குள் போட்டேன்.

பிப்ரவரி 5

சீட்டு என் ஃபோனில் இருக்கிறது.

பிப்ரவரி 8

எழுதிவிடுகிறேன். ராமுத்தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினாள். வலது நுரையீரலில் நிழல். பட்டாசு மருந்துத் தூசியாக இருக்கலாம். இருமல் சிரப். அவ்வளவுதான், மேற்கொண்டு பரிசோதனை எதுவும் எழுதவில்லை.

நிழல் என்ற இடத்தில் நான் நிற்கவில்லையா? நின்றேன். பிறகு அனுப்பினேன்: "தூசிதான். வாழைப்பழம் சாப்பிடு. தீபாவளி சீசன் முடியட்டும், மதுரையில் காட்டலாம்."

பட்டாசு ஊரான தாயில்பட்டியில் யார்தான் இருமவில்லை? தூசிக்கு வாழைப்பழம் என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன் — எம்.எஸ்சி. படித்த நான். அவள் பதினான்கு வயதில் தீப்பெட்டி ஒட்டப் போனதால்தான் என்னால் படிக்க முடிந்தது.

படத்தைக் கொடுத்தால் டாக்டர் மாட்டுவார். அதற்குக் கீழேயே இருக்கும் பதிலால் நானும்.

கீழே உள்ளதை வெட்டிவிட்டுக் கொடுத்தால்?

பிப்ரவரி 11

சங்கிலிமுத்து ஃபோனில் பேசினார். "கேஸ் நிக்காது போல மதினி. விட்டுருவமா? நாந்தேன் அவள கவனிக்காம சாக விட்டேன்னு ஊருக்குள்ள பேசுதாக."

ஐயோ, நீங்க இல்லய்யா. நாந்தான், நாந்தான்.

நாளைக் காலை ஹாதியா அலுவலகத்துக்கு வரும்படி மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 12

ஃபோனை மேசையில் வைத்தேன். எதையும் வெட்டவில்லை.

ஹாதியா இரண்டு தரம் வாசித்தார். "டாக்டர் பார்த்ததுக்கு இது போதும், மேடம். ஆனா உங்களையும் கேப்பாங்க. அவர் டெஸ்ட் எழுதியிருந்தா மட்டும் தங்கச்சிய அனுப்பியிருப்பீங்களான்னு."

அனுப்பியிருப்பேனா?

சங்கிலிமுத்து ஃபோனை வாங்கினார். மேலே இருந்த ஆங்கிலத்தைத் தள்ளிவிட்டு, கீழே இருந்த தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"சீசன் முடியட்டும்னு டாக்டரு சொன்னாருன்னுல்ல எங்கிட்ட அவ சொன்னா," என்றார்.

பிறகு ஃபோனை ஹாதியாவிடம் கொடுத்தார். "பிரிண்டு எடுங்கம்மா."

நான் சாட்சிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். சொல்லிக்கொள்ளவில்லை.