வெறுந்தாளில் விரல்

2025 யூன் 16, திங்கள்

"நான் பிழை செய்யவில்லை" என்று இன்று பாடசாலை அதிபரிடம் சொல்லவில்லை. "மன்னியுங்கள்" என்றும் சொல்லவில்லை. கதிரை நுனியில் இருந்து தலையாட்டினேன்.

சனிக்கிழமைத் தடயவியல் வகுப்பில் பதினொரு பிள்ளைகளும் மை தொட்டு, வெள்ளைத்தாளில் விரல் பதித்தார்கள். மாவட்டக் கண்காட்சிக்கான வேலை. இன்று காலை அனோஜினியின் தாய் மேர்சி பாடசாலைக்கே வந்துவிட்டார்.

"வெறுந்தாளில ஏன் ரீச்சர் கைநாட்டு வாங்கினனீங்கள்? படிச்ச ஆள்தானே?"

அவர் போனபின் அதிபர்: "பொலிஸ் வேலையே படிப்பிக்கிறீர்? வெள்ளிக்கு முதல் தாய்தகப்பன்மாரின்ர சம்மதம் கொண்டாரும். இல்லாட்டி வகுப்பும் இல்லை, கண்காட்சியும் இல்லை."

யூன் 17

பாடசாலை இருக்கும் புங்குடுதீவுக்கு வந்து சேரும்வரை பஸ்ஸில் மனதுக்குள் வாதாடினேன். விரலடையாளம் எடுக்கவென்று இரண்டு மாதம் சிரட்டைக் கரி இடித்துத் தூளாக்கிய பிள்ளைகள். எல்லாம் ஒரு தாய் போட்ட சத்தத்தோடு போச்சு. போகட்டும். — ஏன் போகவேணும்?

யூன் 19

அனோஜினியின் தாளைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். மேர்சி அக்கா வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே சொன்னார். 2007இல் அவருடைய தமையன் றொபேட்டைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், வீட்டுப் படலையடியிலேயே வெறுந்தாளில் பெருவிரலை அழுத்த வைத்தார்களாம்.

"பிறகு மேல என்னத்தை எழுதிச்சினமோ, இண்டைக்கும் தெரியாது. அண்ணையும் வரேல்லை."

தடயத்தை எடுத்தவுடன் பெயர், திகதி, காரணம் குறிக்கவேண்டும் — முதல் பாடத்தில் கரும்பலகையில் எழுதியது நான்தான். பதினொரு தாளிலும் ஒரு சொல்கூட எழுத வைக்கவில்லை. எவ்வளவு புத்தகம் வாசித்து என்ன?

"மன்னியுங்கோ அக்கா."

"வைச்சிட்டுப் போங்கோ."

யூன் 20

பிள்ளைகளிடம் கேட்டனுப்பியும் ஒரு சம்மதமும் வரவில்லை. கண்காட்சிப் பட்டியலில் எங்கள் பெயரை அதிபர் வெட்டினார்.

யூன் 23, திங்கள்

அனோஜினி அந்தத் தாளைக் கொண்டுவந்தாள். விரல்களுக்கு மேலே தாயின் கையெழுத்து: "இது என் மகளின் விரல் அடையாளம். படிப்புக்கு மட்டும். வேறொன்றுக்கும் பாவிக்கக்கூடாது." திகதி, ஒப்பம். மிச்ச இடத்தில் எவரும் எதுவும் எழுத முடியாதபடி குறுக்கே கோடு கீறியிருந்தார்.

அதிபரிடம் ஓடினேன்.

"பட்டியல் மாவட்டத்துக்குப் போயிட்டுது, பிள்ளை."

கண்காட்சிக்கு நாங்கள் போகவில்லை.