டேப்பைக் காய்ச்சப் போன மச்சானுக்கு

என் பிரியமுள்ள மச்சான்,

நீ இருக்கும் இடத்திலாவது மழை குறைவாக இருக்கட்டும். இங்கே தெரணியகலைப் பக்கம் மாசி பிறந்தும் விட்டபாடில்லை. ரப்பர் மரத்துச் சிரட்டைகளில் பாலைவிட மழைத்தண்ணிதான் அதிகம். நீ பாட்டுக்குத் தட்டும் தோல் வாத்தியம், உன் டேப்பு, என் காம்பரா அறையில், அடுப்புக்கு மேலே தொங்குகிறது. தோல் தளர்ந்துவிடக் கூடாதென்று உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி செல்லாயிதான் அங்கே கட்டினாள்.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கிறேன் மச்சான். இதை வெளியே சொன்னால் லயத்து வீடுகளில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், உனக்குத் தெரியும் நான் என்ன சொல்கிறேன் என்று.

இந்தக் கடிதத்தை யார் யாரோ படிக்கக்கூடும். அவர்களுக்கு நம் கதை தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எப்போதும் பொறுத்துக்கொண்டவன்தானே நீ.

மாசியில் கோயில் திடலில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டுவிட்டால் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து லாவணி பாடுவோம். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார், மன்மதன் எரிந்து சாம்பலானான் என்பது என் கட்சி. எரியவே இல்லை, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி இருக்கிறான் என்பது உன் கட்சி. பாட்டாலே கேள்வி, பாட்டாலே பதில். யார் ஜெயித்தார்கள் என்று தோட்டம் அடுத்த மாசி வரைக்கும் வாய் ஓயாமல் பேசும்.

எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வருமே. நீ ஒரு கேள்வியில் என்னை மடக்கிவிட்டால் போதும், என் குரல் ஏறிவிடும். பாட்டு போய் ஏச்சு வந்துவிடும். அப்போது நீ என்ன செய்வாய்? டேப்பை ஒரு தட்டுத் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டு, முகத்தைச் சுளிப்பாய். "தோலு தொங்கிப்போச்சு மாப்ள. காய்ச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து, திடலின் ஓரத்தில் எரியும் நெருப்பண்டை போய்விடுவாய். இந்த மழைக்காட்டில் டேப்புத் தோல் தொங்குவது அதிசயமா என்ன? யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொண்டாய். கணக்கப்பிள்ளை அன்றையக் கூலிக்குப் பேர் போட மாட்டேன் என்று வம்புக்கு வந்த காலையிலும் அதையே சொன்னாய். பொன்னம்மா குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உன்மேல் பாய்ந்த போதும் அதேதான். கையில் டேப்பே இல்லை. "காய்ச்சிட்டு வர்றேன்." உன் பொண்டாட்டி சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

ஓடிப்போகிறவன் திரும்ப மாட்டான். நீ திரும்பி வருவாய். விட்ட இடத்திலிருந்தே கேள்வியை எடுப்பாய், ஒரு சொல்லும் குறையாது. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும். ஆனால் அதற்குள் என் தொண்டை இறங்கியிருக்கும். ஏச்சு பாட்டாகியிருக்கும். நாம் எத்தனை மாசி சண்டை போட்டோம், ஒரு நாளாவது பேச்சு முறிந்ததா?

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். ஆற்றுப் பாலத்தண்டை வந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். 'காய்ச்சிட்டு வர்றேன்' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப்போகிறாய் என்று குனிந்தேன். அன்றைக்கு மட்டும் ஏன் மச்சான் சொல்லாமல் போனாய்?

மேல்மலையில், ரப்பர் மரங்களுக்குப் பின்னால் உன்னைப் புதைத்தோம். நம் ஆட்களிடம் புதைப்பதுதான் வழக்கம். ஆனாலும் உன்னை எரிக்காமல் விட்டதை, உன் கட்சிக்கு நான் விட்டுக்கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டேன். அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

இப்போது இந்த மாசியின் சங்கதிக்கு வருகிறேன். உன் இடத்தில் கீழ் டிவிஷன் முத்துக்கருப்பன் உட்கார்ந்தான். நல்ல குரல், நல்ல ஞாபகம், வாய்தான் நீளம். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் கம்பத்தடியிலேயே மண்டை உடைந்தது உனக்குத் தெரியும். அதனால் துரை இந்த வருஷம் பெரிய கங்காணியிடம் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்: எவன் கை நீட்டினாலும் அவன் குடும்பத்துக்குப் பத்துச்சீட்டு. சீட்டை வாங்கிக்கொண்டு பெட்டி படுக்கையோடு தோட்டத்தைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நான் கிளம்பினால் நான் மட்டுமா? பொன்னம்மாவும் பிள்ளைகளும் என் பேரில்தான் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார்கள்.

இத்தனையும் தெரிந்துதான் உட்கார்ந்தேன். பொழுது சாயும் நேரம். உன் டேப்புதான் என் கையில். முதலில் பாட்டு நன்றாகவே போனது. பிறகு நான் ஒரு கேள்வி போட்டேன். சாம்பலை அள்ளி ரதி அழுதாளே, எரியாதவனுக்குச் சாம்பல் ஏது என்று. நீ எத்தனையோ தரம் பதில் சொன்ன கேள்வி. அவனுக்குப் பதில் வரவில்லை. சனம் சிரித்தது. அவன் மன்மதனை விட்டுவிட்டு உன்னைப் பிடித்தான்.

"பதில் வராட்டி எந்திரிச்சு ஓடுற ஆளுதானே இவுக மச்சான். இப்ப ஒரேயடியா ஓடிட்டாரு" என்றான்.

பெண்கள் பக்கம் பார்த்தேன். பொன்னம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த டேப்பாலேயே அவன் மண்டையைப் பிளக்கலாம் என்று கை ஓங்கப் பார்த்தது. நம் லயத்து ஆட்கள் எழுந்துவிட்டார்கள், அவன் ஆட்களும் எழுந்தார்கள். வருஷா வருஷம் கூத்துப் பார்க்க வரும் சிங்களக் கிராமத்து அப்புஹாமி "எப்பா, எப்பா" என்று என் தோளை அழுத்தினார். அவர் பாஷையில் வேண்டாம் என்கிறார், அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, கை கேட்க வேண்டுமே.

விரல் தோலில் பட்டது. தட்டிப் பார்த்தேன், நிஜமாகவே தொங்கிப்போயிருந்தது. உன்னுடையது வெறும் சாக்கு என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"தோலு தொங்கிப்போச்சு. காய்ச்சிட்டு வர்றேன்" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. அது உன் வார்த்தை என்று சனத்துக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றது. பின்னால் உன் தங்கச்சி தேம்புவது கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

நெருப்பண்டை நின்று திடலைப் பார்த்தேன். நடுவில் முத்துக்கருப்பன் தனியாக இருந்தான். திட்டுவதற்கு எதிரே ஆளில்லை. இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான், துண்டால் முகத்தைத் துடைத்தான், உட்கார்ந்தான். நின்றிருந்த ஆட்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். நீ இங்கே நின்று என்னை இப்படித்தானே பார்த்திருப்பாய்? சிரித்தாயா மச்சான், பாவம் என்று நினைத்தாயா? ஒரு நாளும் கேட்காமல் போனேனே.

தோல் இறுகியதும் திரும்பினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, வாய் தவறிருச்சு" என்றான். சாம்பல் ஏது என்று விட்ட கேள்வியையே பாடினேன். கடைசிவரை அவனுக்குப் பதில் வரவில்லை. என் கட்சி ஜெயித்தது, மாலை போட்டார்கள். சப்பென்று இருந்தது. உன்னிடம் தோற்ற மாசிகளில்கூட எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த பொன்னம்மா என் வாசலில் நின்றாள். நேற்று நடந்ததைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குடத்தை இறக்காமலே கேட்டாள்: "அண்ணே, எரியலேன்னு அவரு சொன்ன மாதிரி இனி யாரு சொல்லுவா?"

அவள் குடத்தை வாங்கி வைத்துவிட்டு, நேரே கீழ் டிவிஷனுக்கு முத்துக்கருப்பனைத் தேடிப் போனேன்.

அதனால் கேட்டுக்கொள் மச்சான். அடுத்த மாசியில் நான் கட்சி மாறுகிறேன். எரிந்த கட்சியை முத்துக்கருப்பன் பாடட்டும், ஒத்துக்கொண்டுவிட்டான். உன் பாட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம். உன்னை மடக்க வேண்டும் என்றே ஒவ்வொரு சொல்லாகக் காது கொடுத்தவன் நான்தானே. பொன்னம்மாவை முன்னால் உட்கார வைத்து, எரியவில்லை, இருக்கிறான், அவள் கண்ணுக்குத் தெரிகிறான் என்று உன் டேப்பைத் தட்டிப் பாடுவேன். பேச்சு முற்றினால் எழுந்து நெருப்பண்டை போவேன். போனால் கட்டாயம் திரும்பி வருவேன், நீ வராத குறைக்கும் சேர்த்து.

இதுவரைக்கும் உன் எதிர்க்கட்சி, இனிமேல் உன் கட்சி,
உன் தங்கச்சி புருஷன்,
மாப்ள காளிமுத்து