டிஸ்க்கில் வைக்காத சந்தனம்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
செவ்வாய்க்கிழமை

புனேயில் பயிற்சி பெறும் உயர்திரு புகழேந்தி அவர்களுக்கு, அதே அப்பா அம்மாவுக்கு ஆறு வருஷம் கழிச்சுப் பொறந்த கவிநிலா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம்னு எழுதி, அடிச்சுட்டேன். வீட்டுல பொய் சொல்ற வேலையை நீ ஏற்கெனவே எடுத்துக்கிட்ட, போட்டிக்கு வர எனக்கு இஷ்டமில்ல. வாட்ஸப்புல அனுப்பினா நீலக் கோடு ரெண்டு போட்டுட்டுப் போயிடுவ. அதான் கூரியர். பார்சல் கனமா இருக்கேன்னு பயப்படாத, பல்லி எதுவும் வைக்கல. உன் பொருள்தான்.

சரசு அக்காவுக்குக் கால்ல மாவுக்கட்டு இன்னும் மூணு வாரம் இருக்கணுமாம். தெருமுனைப் பூக்கடையை அவங்க பொண்ணு கீர்த்தனா பார்த்துக்கறா. அப்பா போய் நின்னா, நீங்க என்ன வேணும்னா மோதினீங்க, விடுங்கண்ணான்னு அக்கா சொல்றாங்க. அவங்க அப்படிச் சொல்லச் சொல்ல அப்பா இன்னும் சுருங்கிப் போறார்.

நடந்ததை நடந்த மாதிரியே ஒரு தடவை எழுதறேன். ஆயுத பூஜைக்கு உன் பைக்கைக் கொண்டாந்து நிறுத்தின. கிளம்பறப்போ அப்பாகிட்ட, தினம் ஓட்டுங்கப்பா, இல்லன்னா பேட்டரி படுத்துடும்னு சொன்ன. பத்தொன்பது வருஷமா கலெக்டர் ஆபீஸ் ஜீப்பை ஒரு கீறல் விழாம ஓட்டற மனுஷன், உன் வண்டியில ஏறறதுக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டார். மறுநாள் காலைல, மழை விட்டதும், பூ வாங்கப் போனார். தெருவே நூறு அடிதான். சரசு அக்கா கூடையோட குறுக்க வந்தாங்க. அப்பா தூரத்துலயே பிரேக் பிடிச்சார். லீவர் கட்டை மாதிரி இருந்துச்சாம், வண்டி மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சாம்.

அம்மா முதல்ல என்னைத்தான் கேட்டாங்க, வண்டிய ஏதாவது நோண்டினியாடின்னு. என் சரித்திரம் அப்படி, கோவிச்சுக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் நீ ஸ்பீக்கர்ல பேசின. பிரேக் டிஸ்க்ல சந்தனம் குங்குமம் வச்சிருப்பீங்கப்பா, அதான் வழுக்கியிருக்கும்னு சொன்ன. ஒரு மூச்சு விடற நேரம் கூட யோசிக்கல. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், தட்டை எடுத்து வச்சுட்டு எழுந்துட்டேன்.

பூஜை அன்னைக்குச் சந்தனக் கிண்ணம் புடிச்சவ நான். ஹெட்லைட், டேங்க், ஹேண்டில், நம்பர் பிளேட். டிஸ்க் பக்கம் நான் கையைக் கொண்டு போனப்போ, பிரேக் மேல எதுவும் வைக்கக் கூடாது கவின்னு தட்டி விட்டவர் அப்பா. இப்போ அதே அப்பா, வச்சேனோ என்னமோம்மா, மகன் தெரியாமலா சொல்வான்னு கேக்கறார். பூஜை அன்னைக்கு போன்ல எடுத்த போட்டோவைக் காட்டினேன், டிஸ்க் சுத்தமா இருக்கு. படத்துல எதை வேணா அழிப்பியே நீன்னு போனைத் திருப்பிக் குடுத்துட்டார். உன் காலேஜ் போட்டோவுல தலைய எடுத்துட்டுப் பூசணிக்காய் வச்சேனே, அதுக்கு இப்போ அனுபவிக்கறேன். பூசணிக்காய்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன், உன்னோட சேர்த்து வச்சதுக்கு.

ஹேண்டில் வளைஞ்சிருந்துச்சு, முருகவேல் மெக்கானிக் கடைக்கு நானே தள்ளிட்டுப் போனேன். அவர் பிரேக்கைக் கழட்டினார். டிஸ்க்ல சந்தன வாசனை கூட இல்ல. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கற பேடை விரல்ல சுண்டிப் பார்த்துட்டு, இது ரேஸ் டிராக்ல போடறது, தோசைக்கல் மாதிரி, நல்லா காஞ்சாதான் வேலை செய்யும்னாரு. டிராக்ல திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிச்சா சூடேறும், அப்போ பிடிக்கும் பாரு பிடி. நம்ம தெருவுல, மழை ஈரத்துல, அது சும்மா ஒரு துண்டு.

அதோட விட்டிருந்தா உனக்குத் தெரியாம நடந்ததுன்னு நினைச்சிருப்பேன். அவர் விடல. இதை மாட்டின அன்னைக்கே உங்க அண்ணன்கிட்ட சொன்னேனேம்மான்னாரு. ரோட்டுக்கு ஒரு செட், டிராக்குக்கு ஒரு செட் வச்சுக்கோ, மாத்த இருபது நிமிஷம். அது பேஜார்னா நடுத்தரமா ஒண்ணு வருது, காலைக் குளிர்ல கூடப் பிடிக்கும், ஞாயித்துக்கிழமை நீ ஓட்டற டிராக்கையும் தாங்கும், ஒரு சுத்துக்கு அரை செகண்டு போகும், அவ்வளவுதான்னு சொன்னாராம். நீ அந்த அரை செகண்டு வேணும்னியாம்.

உன் அலமாரியில அந்த அட்டைப் பெட்டியையும் பார்த்தேன். சாலையில் பயன்படுத்தாதீர்கள்னு இங்கிலீஷ்ல சிவப்பு எழுத்து. பக்கத்துல பேப்பர்ல சுத்தின பழைய பேடு, பாதி கூடத் தேயல. பேடு உனக்கு, பாடு அப்பாவுக்கு. புகழேந்தின்னு பேர் வச்சாங்க, புளுகேந்தி ஆயிட்ட. இப்படி நிறைய எழுதி வச்சேன், எழுத எழுத எனக்கே சிரிப்பு வரல.

மாத்த மறந்ததைக் கூட விட்டுடறேன். என்னால விட முடியாதது அந்தச் சந்தனம்தான். நானும் பொய் சொல்லியிருக்கேன், ஒருத்தர் முகத்துல கரி பூசிட்டு அவரையே தொடைக்க விட்டதில்ல.

இப்போ விஷயம். அப்பா மாற்றுப் பணி கேட்டு மனு எழுதிட்டார். பிரேக்ல சந்தனம் வைக்கறவன் கையில கவர்மெண்டு வண்டி இருக்கக் கூடாதுன்னு சொல்றார். வர்ற திங்கக்கிழமை குடுக்கப் போறார். ஆபீஸர் கையெழுத்துப் போட்டுட்டா ஜீப் சாவி திரும்பி வராது.

முருகவேல், நானே வந்து சொல்றேன்மான்னாரு. வேண்டாம்னு நிறுத்தி வச்சிருக்கேன். மகன் பொய் சொன்னான்னு மெக்கானிக் வாயால கேட்டா அப்பா மனுவைக் கிழிச்சுடுவார். கூடவே வேற ஒண்ணும் கிழியும். நீ வாயைத் திறக்கலன்னா ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு நானே முருகவேலைக் கூட்டிட்டு வருவேன். இது விளையாட்டு இல்ல.

பழைய பேடை மாட்டியாச்சு. கழட்டினது பார்சல்ல இருக்கு. கையில எடுத்துப் பாரு, ஜில்லுன்னு இருக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா வீட்டுல இருப்பார். போன் பண்ணு. சந்தனம் இல்லப்பா, பேடு, எனக்குத் தெரியும்னு சொல்லு. அவர் திட்ட மாட்டார், அதுதான் உனக்குக் கஷ்டமா இருக்கும். ஆனா பண்ணு.

அப்பா இப்போ அந்த வண்டியில ஏறறதே இல்ல. ஆனா தினம் காலைல ஆபீஸுக்கு நடக்கறதுக்கு முன்னாடி, ஸ்டாண்டுல வச்சபடியே ஸ்டார்ட் பண்ணி, அஞ்சு நிமிஷம் பக்கத்துல நின்னுட்டு ஆஃப் பண்றார். பேட்டரி படுத்துடும்னு நீ சொன்னியாம்.

இந்தக் கடிதத்துல உன்னை நான் எங்கயும் அண்ணான்னு கூப்பிடல, கவனிச்சிருப்ப. அதை ஞாயித்துக்கிழமைக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். வீணாக்கிடாத.

காத்திருக்கும்,
கவிநிலா